ரெங்கராஜ் எந்த நட்சத்திரத்தில் போனார்?

மணிமேகலை வீட்டுப் பின்னறையைப் பூட்ட வைத்தது அவள் மகனுடைய படிப்புதான். சொன்னால் தெருவில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பூட்டைக் கையில் எடுத்து மாட்டியவள் நாத்தனார் ரெங்கம்மாள் என்பதால், பழி முழுவதும் அவள் தலையிலேயே விடிந்துவிட்டது.

எடமலைப்பட்டி புதூரில் மணிமேகலை மாவு என்றால் தெரியாதவர்கள் குறைவு. பின்னறையில் தரையோடு தரையாகப் போல்ட் முடுக்கிய பெரிய கிரைண்டர் ஒன்று இருந்தது. விடிகாலையில் அது ஓட ஆரம்பித்தால் பக்கத்து வீடுகளில் அலாரம் தேவையில்லை. அது ஓடி முடிகிறவரை அவள் கணவர் ரெங்கராஜ் அதே அறையில் கட்டிலில் சாய்ந்தபடி டி.வி. பார்ப்பார். கிரைண்டர் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்காது. வாயசைவை மட்டும் பார்த்து அவர் செய்தி தெரிந்துகொள்வார். மாவு முடிந்ததும் வாளிகளைத் தன் குட்டியானை வண்டியில் ஏற்றி, ஜங்ஷன் பக்கம் அடைக்கலராஜ் மெஸ்ஸில் இறக்கிவிட்டு, அப்படியே காந்தி மார்க்கெட்டுக்கு லோடு பார்க்கப் போய்விடுவார். ரெண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. வாளியை அவள் நீட்டுவாள், அவர் பிடிப்பார். குடும்பம் அப்படியே ஓடியது.

ஆவணியில் ஒருநாள் அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு, எந்திரிங்க, வாளியைப் பிடிங்க என்று திரும்பினாள். டி.வி. மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

உப்பிலியபுரத்திலிருந்து அக்கா ரெங்கம்மாள் துறையூர் வந்து பஸ் மாறி வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு தெரு அதிர அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே மூக்கைச் சிந்திவிட்டு, எத்தனை மணிக்குப் போனான், என்ன நட்சத்திரம் என்று கேட்டாள். அவிட்டம், சதயம் மாதிரி சில நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால், அந்த உயிர் வந்த வழி போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றி வரும், இன்னும் ஆளைக் கூப்பிடும் என்பது கணக்கு. உயிர் போன அறையை ஆறு மாதம் அடைத்துவிட வேண்டும். அதற்கு அடைப்பு என்று பெயர்.

இந்த இடத்தில்தான் படிப்பு குறுக்கே வந்தது. மணிமேகலையின் மகன் ஹரிஹரசுதன் அந்த வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன். பி.எஸ்ஸி. இயற்பியல், கடைசி வருஷம். அப்பா போன துக்கமும் அத்தை மேல் வந்த எரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்து, “இப்ப இதுதான் முக்கியமா அத்தை? இருங்க, பாத்தே சொல்லிடறேன்” என்று போனை எடுத்தான். கிரைண்டர் நின்றதும் அம்மா கத்தியதும் அவனுக்கு நினைவிருந்தது. அந்த நேரத்தைப் போனில் பஞ்சாங்கம் காட்டும் இடத்தில் போட்டான். அத்தை வாயை அடைக்கப் போனவன் வாயடைத்து நின்றான். திருவோணம் முடிந்து அவிட்டம் பிறந்து சற்று நேரம் ஆகியிருந்தது.

அவன் ஒரு பொய் சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அளவெடுத்ததை மாற்றி எழுதக் கூடாது என்று லேபில் மூன்று வருஷம் பழக்கியிருந்தார்கள். அவிட்டம்தான் அத்தை என்று சொல்லிவிட்டான்.

பாடைத் தேர் வாசலைத் தாண்டியதும் ரெங்கம்மாள் பின்னறைக்குப் பூட்டுப் போட்டாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே இருந்தது உள்ளபடியே இருக்கட்டும், ஒரு துரும்பும் வெளியே வரக் கூடாது என்றாள். கட்டில், டி.வி., கிரைண்டர், கிரைண்டருக்குள் அன்று காலை அரைத்த மாவு, எல்லாம் உள்ளே போயின.

மாவுக்கு நட்சத்திரம் தெரியாது. அது தன் பாட்டுக்குப் பொங்கியது. மறுநாள் காலையில் கதவிடுக்கு வழியாக வெள்ளையாக ஏதோ வழிந்து ஹாலுக்கு வந்திருந்தது. ரெங்கம்மாள் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து பால் வருகிறது, என் தம்பி பால் கேட்கிறான் என்றாள். வந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் வாடை கிளம்பியது. துக்கம் கேட்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டினார்கள். ரெங்கம்மாள் சாம்பிராணி போட்டாள். புகையும் புளிப்பும் கலந்து, அந்த வீட்டில் ஆவி இருப்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்றாகிவிட்டது.

அது புளித்த மாவு என்று மணிமேகலைக்குத் தெரியும். இருபது வருஷமாக அந்த வாடையில்தான் அவள் சோறு தின்றிருக்கிறாள். ஈரத்துணியை எடுத்து வழிந்ததைத் துடைத்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. மாவு என்று சொன்னால், எப்போது அரைத்த மாவு என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அவளால் ஆகாது.

கருமாதி முடிந்து உறவு கலைந்தது. ரெங்கம்மாள் மட்டும் கிளம்பவில்லை. அடைப்புள்ள வீட்டில் தினமும் விளக்கு வைக்க ஆள் வேண்டாமா என்றாள். அவளுக்கு உப்பிலியபுரத்தில் மருமகளோடு ஒத்துப்போவதில்லை என்பதை யாரும் அப்போது நினைவுபடுத்தவில்லை.

பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. பக்கத்து வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் நசீரா தன் சின்ன கிரைண்டரைக் கொடுத்தாள். குடும்பத்துக்கு அரைக்கிற கிரைண்டரில் மெஸ்ஸுக்கு அரைப்பது, டம்ளரால் கிணறு இறைப்பது மாதிரி. ஊற வைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் மணிமேகலை நடந்த நடையைப் பார்த்து நசீரா ஒருநாள் சொன்னாள்: “எங்கள்ல புருஷன் போயிட்டா பொம்பளைய வீட்டுக்குள்ள உக்கார வைப்பாங்க. இத்தான்னு பேரு. எங்க அவரு போனப்ப நானும் இருந்திருக்கேன். உங்கள்ல ரூமை உக்கார வச்சுட்டுப் பொம்பளைய அலைய விடுறீங்க. எது தேவலைன்னு தெரியலக்கா.”

மணிமேகலை அன்றுதான், அவர் போனபிறகு முதல் தடவையாக, கொஞ்சம் சிரித்தாள். சிரித்தது ரெங்கம்மாள் காதுக்குப் போனது. அது தனிக் கதை.

குட்டியானையை ஓட்ட ஆள் இல்லை. வாளிகளை ஹரி பைக்கில் கட்டி எடுத்துப் போனான். கிராப்பட்டித் திருப்பத்தில் வாளி ஒரு பக்கம் சரிய, அதைப் பிடிக்கப் போய் வண்டியோடு விழுந்தான். ரோடெல்லாம் மாவு. இடது முன்கையில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டார்கள். மகன் கட்டோடு வந்து உட்கார்ந்ததும் ரெங்கம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“பாத்தியா மணி, கூப்பிடுறான். அடைச்சு வச்சே இந்தப் பாடு. அடைக்காம விட்டிருந்தா?”

அடைக்காமல் விட்டிருந்தால் மாவு வீட்டிலேயே ஆகியிருக்கும், நசீரா வீட்டில் நேரம் போய் அவன் அவசரப்பட்டிருக்க மாட்டான், விழுந்தே இருக்க மாட்டான். இதை மணிமேகலை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆனால் ரெங்கம்மாள் சொன்னதும் கேட்க அதே அளவு சரியாக இருந்தது. அடுத்த வாரம் ஆழ்குழாய் மோட்டார் புகைந்தது. அதற்கு அடுத்து முருங்கை மரம் முறிந்து நசீரா வீட்டுத் தகரத்தில் விழுந்தது. எது நடந்தாலும் ரெங்கம்மாளுக்குக் காரணம் தயாராக இருந்தது. காரணம் தெரியாமல் அவதிப்படுகிறவர்கள் நடுவில் அவள் ஒருத்திதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

புரட்டாசி பாதியில் அடைக்கலராஜே நேரில் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, நல்ல மனுஷர். ரெங்கராஜைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பாக்கெட் மாவுக் கம்பெனிக்காரன் தினம் வந்து நிற்கிறான் என்றார். “உங்க மாவுதாம்மா எனக்கு வேணும். ஆனா பாதி வாளி வருது, ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன். திங்கக்கிழமை காலையில முழு வாளி வந்தா நீங்க, வரலைன்னா அவன். தப்பா நெனச்சுக்காதீங்க.”

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அந்த ஒரு மெஸ் போனால் அப்புறம் தெருவில் சில்லறையாக விற்கிற மாவுதான். அதில் வீடு நடக்காது. திங்கட்கிழமைக்குள் பின்னறை திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவுத் தொழிலுக்கும் கருமாதி செய்துவிட வேண்டியதுதான்.

மகன் புத்தகத்தில் வழியில்லை. ஆகவே மணிமேகலை ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். அங்கே உத்தர வீதியில் நாள் நட்சத்திரம் பார்த்துச் சொல்கிற வாத்தியார் சுவாமி ஒருவர் இருந்தார். அவர் பெண் கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றிப் போனது ரெங்கராஜின் வண்டி. புருஷன் போய் இன்னும் வருஷம் திரும்பாதவள் தனியாகப் போகக் கூடாது என்று ரெங்கம்மாள் தடுக்க, நசீரா புர்க்காவை மாட்டிக்கொண்டு துணைக்கு வந்துவிட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ரெண்டு பேரும் ராஜகோபுரத்தடியில் இறங்கினார்கள்.

வாத்தியார் வாசலிலேயே உட்கார வைத்துக் கேட்டார். நாளையும் பொழுதையும் சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

“அவிட்டம்னு யார் சொன்னா? அன்னிக்கு முற்பகல் தாண்டித் திருவோணம்னா இருக்கு. பெருமாளோட திருநக்ஷத்திரம். உங்காத்துக்காரர் பாக்கியசாலி, நேரா பரமபதம். அடைப்பாவது ஒண்ணாவது.”

போனில் அவிட்டம் என்று வந்ததே என்றாள் மணிமேகலை.

“போன் திருக்கணிதம். நாங்க வாக்கியம். ரெண்டுக்கும் நாழிகைக் கணக்குல வித்தியாசம் வரும். அது ஆயிரம் வருஷத்து வழக்கு, இன்னிக்குத் தீராது.”

நசீராவுக்கு அடக்க முடியவில்லை. “அப்ப அண்ணன் இப்ப எங்கதாங்க இருக்காரு, சாமி?”

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “எந்தப் பஞ்சாங்கத்தைக் கேக்கறேள்?”

ரெங்கராஜ் உயிரோடு இருந்தவரை எடமலைப்பட்டி புதூருக்கும் மார்க்கெட்டுக்கும் அப்பால் அதிகம் போனவரில்லை. செத்த பிறகு ஒரே நேரத்தில் வைகுண்டத்திலும் பின்னறையிலும் இருந்தார்.

வீட்டில் செய்தியைச் சொன்னதும் யாரும் எதிர்பார்க்காத சண்டை மூண்டது. உப்பிலியபுரத்தில் விதைப்புக்கும் பெண் பார்ப்பதற்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தைத் தவிர வேறொன்றை நம்பியறியாத ரெங்கம்மாள், போனைப் பிடித்துக்கொண்டாள். “அந்தப் பொஸ்தகம் எந்தக் காலத்துது? போனு ஆகாசத்தப் பாத்துச் சொல்லுது. போனு பொய் சொல்லுமா தம்பி? நீதானடா படிச்சவன், நீ சொல்லு.”

ஹரி தவித்தான். நிலா அன்று வானத்தில் எங்கே நின்றதோ அதைத்தான் போன் காட்டியது. அறிவியல்படி அத்தை பேசுவது சரி. அம்மாவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவன் தப்பான கணக்குக்கு வக்கீலாக வேண்டும். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி, நம் ஊர் வழக்கம் வாக்கியம்தானே அத்தை, முன்னோர்கள் எல்லாம் முட்டாளா என்று அவன் கேட்டதை, அவனுடைய பேராசிரியர்கள் யாரும் கேட்காதது நல்லதாகப் போயிற்று. மூன்று தலைமுறையாகக் கைநாட்டு வைத்த குடும்பத்தில் ஒருவன் படித்து முன்னுக்கு வந்து, பழைய பஞ்சாங்கத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தினான். எழுதப் படிக்கத் தெரியாத அத்தை விஞ்ஞானத்தின் பக்கம் நின்று அசையவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை விடிந்தும் சண்டை ஓயவில்லை. ரெங்கம்மாள் சாவி முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். “நேரம்தான் தெளிவா இருக்கே. கிரைண்டரு நின்னப்பதான போயிருக்கான். அந்த நேரத்துக்கு அவிட்டம். முடிஞ்சு போச்சு.”

சுவரோரம் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்த மணிமேகலையின் கை நின்றது.

“அது அவரு போன நேரமில்ல அண்ணி.”

ரெண்டு பேரும் திரும்பினார்கள்.

“அது நான் திரும்பிப் பாத்த நேரம்.” முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள். “அவரு எப்பப் போனாருன்னு எனக்குத் தெரியாது. அரிசி போட்டு அது மசியுற வரைக்கும் நான் அந்தப் பக்கமே திரும்பல. தொட்டுப் பாத்தப்ப கை சில்லுன்னு இருந்துச்சு. ரொம்ப நேரத்துக்கு முன்னாடியே போயிட்டாரு. கூப்பிட்டிருப்பாரு அண்ணி. சத்தத்துல எனக்குக் கேக்கல. பக்கத்துலதான் இருந்தேன். நான் மாவ தள்ளி விட்டுட்டு இருந்தேன்.”

உளுந்துக்குள் கையை விட்டபடி அவள் அப்படியே இருந்தாள். ஹரி போனைத் தரையில் கவிழ்த்து வைத்தான். கிரைண்டரின் அந்த ஓட்டத்துக்கு நடுவில் எங்கோதான் போனின் கணக்குப்படி நட்சத்திரம் மாறியிருந்தது. அதற்கு முன்னால் போனாரா, பின்னால் போனாரா என்பதை இனி எந்தப் பஞ்சாங்கமும் சொல்ல முடியாது. அவனுக்கு அது உடனே புரிந்தது.

ரெங்கம்மாள் சாவி முடிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

“அப்ப என் தம்பி எப்பப் போனான்னு ஒருத்தருக்கும் தெரியாதா?”

“தெரியாது அண்ணி.”

“கூப்பிட்டிருக்க மாட்டான்,” என்றாள் ரெங்கம்மாள். குரல் மாறியிருந்தது. “சின்னப் புள்ளையில தேள் கொட்டுனப்பவே வாயத் தொறக்கல அவன். கால் வீங்கின பொறவுதான் எங்களுக்குத் தெரியும். அவனாவது கூப்பிடுறதாவது. நீ அத நெனச்சுக்கிட்டா இத்தன நாளா மென்னு முழுங்குன? கிறுக்கச்சி.”

இத்தனை நாளாகக் கூப்பிடுகிறான், கூப்பிடுகிறான் என்று வீட்டை நடுங்க வைத்தவள் அவள்தான். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவளும் கவனித்ததாகத் தெரியவில்லை. முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

கதவு திறந்ததும் பூசணம் பூத்த வாடை முகத்தில் அடித்தது. கிரைண்டருக்குள் மாவு காய்ந்து, காரை பூசிய மாதிரி கருத்து வெடித்துக் கிடந்தது. ரெங்கம்மாள் அதை எட்டிப் பார்த்தாள். தரையில் வழிந்து காய்ந்திருந்த தடத்தை வாசல்படி வரைக்கும் கண்ணால் தொடர்ந்தாள். பால் கேட்டதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, தம்பி தலை வைத்த இடத்தைத் தடவி ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்த கையோடு, கல்லை வெந்நீர் ஊற்றி ஊற வை, தோசைத் திருப்பியால் சுரண்டினால்தான் வரும், வெறும் அரிசியை ஒரு தடவை ஓட்டிக் கொட்டிவிடு என்று உத்தரவு போட ஆரம்பித்தாள். நசீரா வந்து சேர்ந்தாள். மூன்று பெண்களுமாகப் பொழுது சாயும்வரை சுரண்டினார்கள்.

திங்கட்கிழமை காலை முழு வாளிகள் மெஸ்ஸுக்குப் போயின. வண்டிக்கு நசீராவின் தம்பி பரக்கத் அலி வந்திருந்தான். அவனுக்கு லைசன்ஸ் இருந்தது, வேலை இல்லை. மாவு முன்ன மாதிரி நைஸாக இல்லையே, கொஞ்சம் நறநறக்கிறதே என்று மட்டும் அடைக்கலராஜ் போனில் கேட்டார். புது அரிசிங்க என்றாள் மணிமேகலை.

அரிசி பழையதுதான். காரணம் வேறு. கிரைண்டர் ஓடும்போது ரெங்கம்மாள் இப்போது அந்தக் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். உப்பிலியபுரம் போகும் பேச்சே இல்லை. மணிமேகலை பாதி ஓட்டத்தில் சுவிட்சை அணைக்கிறாள். “அண்ணி?” என்கிறாள். “இருக்கேன், ஓட்டு” என்று பதில் வந்ததும் மறுபடி போடுகிறாள். சற்று நேரத்தில் மறுபடி அணைக்கிறாள். பாரத்தோடு நிறுத்தி நிறுத்திப் போட்டால் பெல்ட் வழுக்கும், மோட்டார் எரிந்துவிடும் என்று ஹரி கத்துகிறான். இருபது வருஷம் கிரைண்டர் ஓட்டியவளுக்கு அது தெரியாதா? தெரியும். அணைக்கிறாள்.

ஒருநாள் அணைத்துவிட்டுக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. மாவுக் கையோடு ஓடிப் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். ரெங்கம்மாள் தூக்கத்திலிருந்து விழித்து, அவள் முகத்தைப் பார்த்து, தோளில் ஒட்டிய மாவைப் பார்த்தாள்.

“இன்னிக்கு சதயம்டி. இன்னிக்குப் போனா மறுபடி ஆறு மாசம் ரூமை அடைக்கணும். உன் மாவுக்கு வழி? போக மாட்டேன், போய் ஓட்டு.”